லாமினேஷன் போட்ட கல்யாணம்

எங்கள் கல்யாணச் சான்றிதழை லாமினேட் செய்தது என் வீட்டுக்காரர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யார் மேல் தப்பு என்று பட்டிமன்றம் வேண்டாம். கல்யாணமான மூன்றாவது வாரம், எந்த டம்ளர் யாருடையது என்றுகூடத் தெரியாமல் புகுந்த வீட்டில் நான் முழித்துக்கொண்டிருந்தபோது, பதிவு அலுவலகத்தில் கொடுத்த காகிதத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கடைக்குப் போனார். வரும்போது அது பளபளவென்று விறைப்பாக வந்தது. இந்த மனுஷன் நம்மையும் இப்படித்தான் பத்திரமாக வைத்துக்கொள்வார் என்று அன்றைக்குப் பெருமைப்பட்டேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, புத்தி அவ்வளவுதான்.

இருபத்துமூன்று வருடம் கழித்து, வேறொரு நாட்டில், விண்ணப்ப மையத்தின் எட்டாம் எண் கவுண்டரில் இருந்த பெண் அதை நகத்தால் தட்டிப் பார்த்தாள். டக் டக் என்றது. தலையை ஆட்டினாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முடியாது என்பதற்கு எந்த மொழியும் தேவையில்லை.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகள் இங்கே பிறந்தவள். நாங்கள் இருவரும் பழைய குடியுரிமையை ஒப்படைத்துவிட்டு இந்த நாட்டுக்காரர்களாகி ஒன்பது வருடமாகிறது. மகளுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும். இங்கே இடம் கிடைக்கவில்லை. நாங்கள் பிறந்து வளர்ந்த பக்கம் ஒரு கல்லூரியில் கிடைத்துவிட்டது. ஐந்தரை வருடம் அங்கே தங்கிப் படிக்க அவளுக்கு வம்சாவளி அட்டை வேண்டும். அப்பா அம்மா பிறந்த நாட்டில் விசா இல்லாமல் ஆயுசுக்கும் இருக்கலாம் என்று சொல்கிற அட்டை. அது கைக்கு வர நாளாகும் என்பதால், விண்ணப்பம் ஏற்கப்பட்ட கோப்பு எண்ணையாவது இருபதாம் தேதிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது கல்லூரி. அனுப்பாவிட்டால் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் இதுதான் அவளுடைய அடுத்த வருடம். போன வருடம் முழுக்க அவள் ஒரு நாய் விடுதியில் கூண்டு கழுவினாள்.

கவுண்டர் பெண் பொறுமையாகவே விளக்கினாள். பெற்றோரின் கல்யாணச் சான்றிதழின் பின்பக்கம் முத்திரை குத்த வேண்டும். பிளாஸ்டிக் மேல் மை நிற்காது. பிரித்துக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் புதுப் பிரதி வாங்கி வாருங்கள். அடுத்த முன்பதிவு பதினெட்டாம் தேதி காலை ஒன்பது நாற்பதுக்கு. அன்றைக்குத் தேதி இரண்டு.

மகள் ஏதோ வாதாடிப் பார்த்தாள். வாய் அதிகம் என்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். அன்றைக்கு வக்கீலும் தோற்றாள். என் வீட்டுக்காரர் மட்டும் வாயே திறக்காமல் சான்றிதழை மறுபடி உறைக்குள் போட்டு, உறையைப் பைக்குள் போட்டு, பையின் ஜிப்பை மூடி, மூடியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பையை வாங்கி ஜன்னல் வழியே வீசியிருப்பேன்.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதையும் இரண்டு முறை பூட்டாமல் தூக்கம் வராது. எங்கள் வீட்டில் லாமினேட் ஆகாதது நானும் மகளும்தான். துணி துவைக்கும் எந்திரத்தின் உத்தரவாதச் சீட்டு, மகளின் நீச்சல் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, குப்பை எடுக்கும் கிழமைகள் எழுதிய தாள், எல்லாமே பளபளக்கும். இது அவருக்கு அவருடைய அண்ணனிடமிருந்து வந்த வியாதி. அண்ணன் வாலிபத்தில் அரசு வேலைக்குத் தேர்வாகி, சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் பெட்டியைத் திறந்தால், கூரை ஒழுகி மதிப்பெண் தாள் கூழாகிக் கிடந்திருக்கிறது. நகல் வாங்கி வருவதற்குள் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. ஓய்வு பெறும்வரை பஸ் டிப்போவில் எண்ணெய்க் கையோடுதான் இருந்தார். அன்றிலிருந்து அண்ணன் தம்பி இருவருக்கும் காகிதம் என்றால் பயம்.

அந்தக் கதை தெரிந்ததால்தான் இத்தனை வருடம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது, அவர் துணி தேய்க்கும் பலகையில் சான்றிதழைக் கிடத்தி, மகளின் தலை காயவைக்கும் எந்திரத்தால் சூடு காட்டிக்கொண்டிருந்தார். இணையத்தில் பார்த்தாராம். எனக்கு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, நீராவியில் வைத்து, உறை போட்டு ஒட்டும் வேலை. ஒட்டினதை எப்படிப் பிரிக்க வேண்டும், எதைப் பிரிக்கவே கூடாது என்பதில் எனக்குப் பதினொரு வருட அனுபவம்.

"என்னங்க, கையை எடுங்க. அது பழைய பேப்பர், தாங்காது."

"மூலை வந்துடுச்சு பாரு. சுலபமா வருது."

"மூலைல பேப்பரே கிடையாது, வெறும் பிளாஸ்டிக். அதான் வருது. இழுக்காதீங்க!"

இழுத்தார். முதலில் நன்றாகத்தான் வந்தது. என் பெயர் வந்தது, அவர் பெயர் வந்தது. தைரியம் வந்து இன்னும் கொஞ்சம் இழுத்தார். காகிதம் இரண்டு தோலாக உரிந்து, பதிவாளரின் கையெழுத்தும் முத்திரையும் சாட்சிக் கையெழுத்தும் பிளாஸ்டிக்கோடு போய்விட்டன. கீழே வெள்ளையாக, மயிர்மயிராக ஒரு தாள் கிடந்தது. எந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்போ உங்களுக்கு இப்ப கல்யாணம் ஆகலையா?" என்றாள். யாரும் சிரிக்காததால் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புதுப் பிரதி ஒன்றுதான் வழி. எங்கள் கல்யாணம் கையால் எழுதின ரிஜிஸ்டர் காலத்துக் கல்யாணம், கணினியில் கிடையாது. யாராவது நேரில் போய், மனு எழுதி, பழைய ரிஜிஸ்டரைத் தேடவைத்து, பக்கத்திலேயே நின்று வாங்க வேண்டும். அந்த ஊரில் எங்களுக்கு இருக்கிற ஒரே ஆள் அவருடைய அண்ணன். சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது வருடம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் மாமியார் இறந்தபோது இவர் போகவில்லை. போக முடியவில்லை. குடியுரிமை மாறும் நேரம், பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாயிற்று, புதியது வரவில்லை. இரண்டு நாட்டுக்கும் நடுவே ஆறு வாரம் எந்தக் காகிதமும் இல்லாமல் இருந்தோம். அந்த ஆறு வாரத்தில் பார்த்தா அந்த அம்மா கண்ணை மூட வேண்டும்? உள்ளதைச் சொல்லியிருக்கலாம். குடியுரிமையை மாற்றுகிறோம் என்பதை வீட்டில் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை, அதைச் சொல்ல வெட்கம். "லீவு கிடைக்கலண்ணா" என்றார். "அம்மாவுக்கு லீவு கிடைக்காதவனுக்கு அண்ணன் எதுக்கு?" என்று போனை வைத்தவர்தான் அண்ணன். கல்லூரி விண்ணப்பத்தில் உள்ளூர்ப் பாதுகாவலர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதையும் இவர் காலியாகவே விட்டிருந்தார்.

இப்போது போன் செய்தாக வேண்டும். நாலு முறை எடுத்தார், நாலு முறை வைத்தார். அங்கே சாப்பாட்டு நேரமாக இருக்கும் என்றார், தூங்குவார் என்றார். கடைசியில் நானே எண்ணை அழுத்தி அவர் காதில் வைத்தேன்.

மணி அடித்து, அந்தப் பக்கம் எடுத்தார்கள். "அண்ணா" என்றார். "ம்" என்று பதில் வந்தது. இவர் ஒரே மூச்சில் மகள், கல்லூரி, அட்டை, இருபதாம் தேதி என்று கொட்டினார்.

"ஒரிஜினல் என்னாச்சு?" என்றார் அண்ணன்.

சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று நான் கையை ஆட்டினேன். இவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பினார். "கிழிஞ்சிடுச்சுண்ணா."

"சரி. வாங்கி அனுப்புறேன்." போன் வைக்கப்பட்டது.

"லாமினேஷன் கூடாதுன்னு ஏன் சொல்லல?" என்று பிடித்துக்கொண்டேன்.

"அவன் சொல்லிக் குடுத்த பழக்கம் அது. உன்னாலதான் போச்சுன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது? ஒன்பது வருஷம் கழிச்சு முதல் பேச்சே அதுவா?"

எனக்கு அது நியாயமாகக்கூடப் பட்டது. அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் என் மேலேயே கோபம் வருகிறது.

அதற்குப் பிறகு நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். வேலையில் ஒரே கருவித் தட்டை மூன்று முறை எண்ணினேன், மூன்று முறையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது. மேற்பார்வையாளர் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். வீட்டில் மகள் கல்லூரியின் பெயரைச் சொல்வதையே நிறுத்திவிட்டாள், 'அந்த இடம்' என்றாள். எட்டாம் தேதி, ரிஜிஸ்டர் கிடைக்கவில்லை என்று அண்ணனிடமிருந்து ஒரு வரி. பத்தாம் தேதி, கிடைத்துவிட்டது என்று ஒரு வரி. பதினொன்றாம் தேதி சான்றிதழின் படம் வந்தது. கையெழுத்து, முத்திரை, சாட்சி, எல்லாம் தெளிவாக இருந்தன. நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு வெளிச்சம் விழுந்திருந்தது. குழாய் விளக்குக்குக் கீழே வைத்து எடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினேழாம் தேதி மதியம் கூரியர் வந்தது. மூன்று பேரும் லீவு போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான்தான் பிரித்தேன். துணி உறை, அதற்குள் பிளாஸ்டிக் பை, அதற்குள் செய்தித்தாள் சுற்றின இரண்டு அட்டைகள். அட்டைகளுக்கு நடுவே கையை விட்டபோதே விரலுக்குத் தெரிந்துவிட்டது. வழுவழுவென்று, விறைப்பாக, மூலைகளை வளைவாக வெட்டி, இரண்டு பக்கமும் ஒரு குமிழிகூட இல்லாமல்.

நான் அதை மேஜை மேல் வைத்தேன். டக் என்றது.

கிழிந்துவிட்டது என்று தம்பி சொன்னால் அண்ணன் வேறென்னதான் செய்வார்? கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றோம். இவர் மெதுவாக அந்தத் தலை காயவைக்கும் எந்திரத்தின் பக்கம் நகர்ந்தார். மகள் அதை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "தொட்டீங்கன்னா அவ்வளவுதான்ப்பா" என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அண்ணன்தான். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"வந்து சேர்ந்துடுச்சாம், போன்ல தகவல் வந்துச்சு. நல்லா இருக்கா?" ஒன்பது வருடத்தில் அந்தக் குரலில் முதன்முறையாக ஒரு சந்தோஷம் இருந்தது. "கடைக்காரன்கிட்ட சொல்லி ரெண்டு தடவை விட்டேன்டா. கெட்டி பிளாஸ்டிக். இனிமே யாராலயும் கிழிக்க முடியாது."

இவர் என்னைப் பார்த்தார். எனக்கு இவரைத் தெரியும். நல்லாருக்குண்ணா, பத்திரமா வந்துச்சுண்ணா என்பார். போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நிற்பார். மகளின் இடம் போய்விடும், அண்ணனுக்கு எதுவுமே தெரியாமலே போய்விடும். நான் போனைப் பிடுங்கக் கையை நீட்டினேன்.

"அண்ணா, இது செல்லாது" என்றார் இவர்.

அண்ணன் எதுவும் கேட்பதற்குள் இவரே தொடர்ந்தார்.

"லாமினேஷன் போட்டா அவங்க வாங்க மாட்டாங்க. பழசையும் அதுக்காகத்தான் பிரிச்சேன், அப்பத்தான் கிழிஞ்சுது. உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல."

"ஏன் சொல்லல?"

"நீ வருத்தப்படுவேன்னு." நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அன்னைக்கும் லீவு இல்லாம இல்லண்ணா. பாஸ்போர்ட் கைல இல்ல. குடியுரிமை மாத்திட்டிருந்தோம். பழசைக் குடுத்துட்டோம், புதுசு வரல. ஏர்போர்ட் வரைக்கும் போனேன். அழுதேன், கெஞ்சினேன், விடல. உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு."

ஏர்போர்ட்டுக்குப் போனது எனக்கே தெரியாது. அன்றைக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அண்ணன் மூக்கை உறிஞ்சினார். "முட்டாப் பயலே" என்றார். "பேப்பர் இல்லன்னா போக முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? எனக்கு? சொல்லியிருந்தா அம்மா பக்கத்துல உன் போட்டோவையாவது வெச்சிருப்பேனேடா."

இவர் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனால் மணி மூன்று. மையம் ஐந்துக்கு மூடிவிடும், மறுநாள் ஒன்பது நாற்பதுக்குக் கொண்டுபோக எங்களிடம் எதுவுமில்லை. நல்லவேளை, வக்கீல் அழவில்லை.

"பெரியப்பா, நான் பேசுறேன். வேற காப்பி ஏதாவது இருக்கா?"

"இருக்கும்மா! மூணு வாங்கினேன். உங்கப்பன் எதையாவது தொலைப்பான்னு ரெண்டை இங்கயே வெச்சிருக்கேன்."

எங்கள் மூவருக்கும் மூச்சு வந்தது. மகள் ஏதோ சந்தேகப்பட்டுக் கண்ணைச் சுருக்கினாள். "அதையும் லாமினேட் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்மா."

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, நான் சிரிக்க ஆரம்பித்தேன். மகளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணினியில் அடுத்த முன்பதிவைத் தேடினாள். இருபத்தேழாம் தேதிதான் இருந்தது. இருபதைத் தாண்டிவிட்டது. சிரிப்பு நின்றது.

"காலேஜ்ல பத்து நாள் கேட்டா குடுப்பாங்களா?" என்றார் அண்ணன்.

"மெயில் போட்டா பதிலே வராது பெரியப்பா. உள்ளூர்ல இருக்கிற பாதுகாவலர் நேர்ல வந்து எழுதிக் குடுத்தா ஒருவேளை கேப்பாங்க. அந்தக் கட்டத்துல நாங்க யார் பேரையும் எழுதல."

"இப்ப எழுது" என்றார். பெயர், கதவு எண், தெரு என்று நிறுத்தி நிறுத்தி அவர் சொல்லச் சொல்ல மகள் அடித்தாள். இவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார்.

அவர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு ஆறு மணி நேரம் பஸ். முட்டிவலிக்காரர். பதினெட்டாம் தேதி விடிகாலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. பிறகு எதுவுமில்லை. நாங்கள் மூவரும் அந்த ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அங்கே பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று மகள் மணி சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் சும்மா இரு என்று அதட்டினேன், அவள் நிறுத்தியதும் நானே கடிகாரத்தைப் பார்த்தேன். கல்லூரி முதல்வர் சாப்பிடப் போயிருக்கலாம், அண்ணன் வழியில் மயங்கி விழுந்திருக்கலாம், முகத்திலடித்த மாதிரி முடியாது என்றிருக்கலாம். அறுபத்து நாலு வயது மனுஷனை அனுப்பிவிட்டோமே என்று வேறு அடித்துக்கொண்டது.

அங்கே மணி மூன்றரை ஆனபோது போன் அடித்தது. சுற்றிலும் வண்டிச் சத்தம்.

"முப்பதாம் தேதி வரைக்கும் குடுத்திருக்காங்க" என்று கத்தினார். "முதல்ல ஆகாதுன்னாங்க. நான் எழுந்திருக்கவே இல்ல. என் மார்க் ஷீட் கதையைச் சொன்னேன். ஆபீஸ்ல இருந்த அம்மா கேட்டுட்டு உள்ள போய்க் கையெழுத்து வாங்கிட்டு வந்தாங்க. புதுக் காப்பிக்கு நாளைக்கே மனு குடுத்துடுறேன். அதை அப்படியே அனுப்புறேன், சத்தியமா."

மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். எத்தனை நாளாயிற்று அவள் அப்படிச் செய்து. என் தோள் நனைந்தது.

"லெட்டர் குடுத்திருக்காங்க, முத்திரை எல்லாம் போட்டு" என்றார் அண்ணன். "இதோட ஒரிஜினலைத்தான் கடைசில கோப்பு எண்ணோட சேர்த்துக் குடுக்கணுமாம். அவங்க அதுலயே எழுதிக் கையெழுத்துப் போடுவாங்களாம்."

என் வீட்டுக்காரர் சட்டென்று நிமிர்ந்தார்.

"அண்ணா. இப்ப எங்க நிக்கிற?"

வண்டிச் சத்தத்துக்கு நடுவே ஏதோ எந்திரம் ஓடுகிற மாதிரி கேட்டது.

"அண்ணா! எங்க நிக்கிறேன்னு கேக்குறேன்ல?" ஒன்பது வருடமாக நான் கேட்காத குரல். அண்ணனிடம் கோபித்துக்கொள்ள உரிமையுள்ள ஒரு தம்பியின் குரல்.

"கடை வாசல்லதான்" என்றார் அவர். "இன்னும் குடுக்கலடா. கையிலதான் வெச்சிருக்கேன். மழை வர்ற மாதிரி இருக்கே, என்ன பண்றது?"

"சட்டைக்குள்ள வெச்சுக்க" என்றார் இவர். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "பஸ் வர்ற வரைக்கும் போனை வைக்காத. பேசிட்டே இரு."